காவல் இல்லத்திலிருந்து களப்பணிக்கு: சென்னையில் எச்.ஐ.வி. தடுப்பும் அச்சமும்

1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் படித்துவந்த மாணவி நிர்மலா ஓர் ஆய்வில் இறங்கினார். பாலியல் தொழில் செய்யும் பெண்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மும்பையின் காமாத்திபுரா, கொல்கத்தாவின் சோனாகாச்சி போல இதுதான் இடம் என்று கைகாட்டக்கூடிய தெரு எதுவும் சென்னையில் இல்லை. எனவே போலீஸ் பிடித்துவந்த பெண்கள் அடைக்கப்பட்டிருந்த அரசுக் காவல் இல்லத்தை, எல்லோரும் ‘விஜிலென்ஸ் ஹோம்’ என்று சொல்லும் இடத்தை, அவர் நாடினார். சேகரித்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. 6 பேருக்குத் தொற்று இருந்தது. இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. அந்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே இதைச் சட்டப்பேரவையில் அறிவித்தார். அடுத்து நடந்ததை மருத்துவ வரலாறுகள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றன. தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்கள், விடுவிக்கப்பட வேண்டிய காலம் கடந்த பின்னும் அந்த ஒரே காரணத்துக்காக அரசுக் காவலில் வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் பொதுநல வழக்குத் தொடுத்து, 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே கதவு திறந்தது.

அந்தக் காவலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. தொற்று உள்ளவரை ஊரிலிருந்து விலக்கிவிட்டால் தொற்றும் விலகிவிடும் என்ற கணக்கு. அது மனித உரிமைக்கு எதிரானது என்பதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அது நோய்த்தடுப்புக்கும் எதிரானது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். எச்.ஐ.வி. தொற்றியவர் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் நடமாடுவார். அவரே முன்வந்து பரிசோதனை செய்துகொண்டாலொழிய யாருக்கும் எதுவும் தெரியாது. பரிசோதனைக்குப் போனால் அடைத்துவிடுவார்கள் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த பெண் மருத்துவமனைப் பக்கமே தலைகாட்ட மாட்டாள். காவலில் வைக்கப்பட்டவர்களைவிட, அவர்களுக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டு மறைந்துகொண்டவர்கள் எத்தனையோ மடங்கு அதிகமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு சென்னையிலும் நாட்டின் பிற நகரங்களிலும் தொண்டு அமைப்புகள் நடத்திய களப்பணியின் உண்மையான சாதனை, அவை விநியோகித்த ஆணுறைகளின் எண்ணிக்கையிலோ அச்சடித்த துண்டுப் பிரசுரங்களிலோ இல்லை. மறைந்துகொண்டவர்களை வெளியே வரச் செய்யுமளவுக்கு அச்சத்தைக் குறைத்ததில் இருக்கிறது. அச்சம் குறைந்த இடத்தில் தடுப்பு பலித்தது. குறையாத இடத்தில் எவ்வளவு செலவு செய்தும் பலிக்கவில்லை.

இதை உணர்ச்சிவசப்பட்ட பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அச்சம் எந்த வழியில் தொற்றாக மாறுகிறது என்பதைப் படிப்படியாகச் சொல்ல முடியும். பேருந்து நிலையத்துக்கு அருகில் நிற்கும் பெண்ணுக்கும் வாடிக்கையாளருக்கும் நடக்கும் பேரம் சில நிமிடங்களில் முடிகிறது. ஆணுறை அணிய வேண்டும் என்று அவள் வற்புறுத்த வேண்டிய நேரமும் அந்தச் சில நிமிடங்கள்தான். ரோந்து வண்டி எந்த நேரமும் வரலாம் என்ற நிலையில் பேரம் இன்னும் சுருங்குகிறது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தை விட்டு அவள் இருட்டுக்குப் போகிறாள். அங்கே எதிரில் இருப்பவன் சொல்வதுதான் சட்டம். பையில் ஆணுறை இருந்தால் அதையே சாட்சியாகக் காட்டிப் பிடிப்பார்கள் என்பதால் அதை எடுத்துச் செல்வதையும் விட்டுவிடுகிறாள். 1956ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டப்படி வயதுவந்த பெண் தன் விருப்பத்தின்பேரில் இந்தத் தொழிலைச் செய்வது குற்றமல்ல. பொது இடத்தில் ஆளை அழைப்பது குற்றம். நடைமுறையில் இந்த வேறுபாடு தெருவில் நிற்பவளுக்கு உதவுவதே இல்லை. கந்துவட்டிக் கடன் இன்னொரு பக்கம் அழுத்துகிறது. மாலைக்குள் வட்டி கட்டியாக வேண்டியவளிடம், ஆணுறை வேண்டாம் என்றால் கூடுதலாகத் தருகிறேன் என்று ஒருவன் சொல்லும்போது, எச்.ஐ.வி. பற்றி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தும் பயனில்லை. கர்நாடகத்தில் பாலியல் தொழிலாளர்களிடையே நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வு, வன்முறைக்கு ஆளான பெண்களிடம் ஆணுறைப் பயன்பாடு குறைவாகவும் பால்வினை நோய்கள் அதிகமாகவும் இருந்ததைக் காட்டியது. அடியும் நோயும் ஒரே இடத்தில் சேர்ந்தே இருந்தன.

அச்சத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று கொல்கத்தாவிலிருந்து கிடைக்கிறது. 1992இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா சோனாகாச்சியில் வேலையைத் தொடங்கியபோது ஆணுறைப் பயன்பாடு 3 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அவர் பாடம் நடத்த வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவராமல், அங்கே தொழில் செய்த பெண்களிலிருந்தே களப்பணியாளர்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்கள் வீடுவீடாகப் போனபோது முதலில் கேட்டது நோயைப் பற்றிய கேள்விகளை அல்ல. ரவுடித் தொல்லை, போலீஸ் தொல்லை, வட்டித் தொல்லை, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க முடியாத தொல்லை. திட்டம் அந்தத் தொல்லைகளின் பக்கம் திரும்பியது. 1995இல் பெண்களின் சொந்த அமைப்பாக துர்பார் உருவானது. அதே ஆண்டில் உஷா கூட்டுறவுச் சங்கமும் தோன்றியதால், சேமிக்கவும் கந்துவட்டிக்காரனிடம் போகாமல் கடன் வாங்கவும் வழி பிறந்தது. திட்டம் தொடங்கிய மூன்றே ஆண்டுகளில் ஆணுறைப் பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டியது. மும்பையில் பாலியல் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று இருந்த காலத்தில் சோனாகாச்சியில் அது 5 சதவீத அளவில் நின்றது.

ஒரு தலைவரின் திறமையோ அந்த இடத்தின் தனித்தன்மையோ இதற்குக் காரணமாக இருக்கலாமே என்று ஐயப்படுவது நியாயம். அந்த ஐயத்தைச் சோதிக்க வட வங்கத்தின் இரண்டு சிறு நகர்ப்புறங்களில் ஒப்பீட்டு ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. ஓரிடத்தில் சோனாகாச்சி முறை முழுமையாகச் செயல்படுத்தப்பட்டது. மற்றொன்றில் வழக்கமான மருத்துவ வசதியும் கல்வியும் ஆணுறையும் மட்டும் தரப்பட்டன. 2004இல் வெளியான முடிவுகளின்படி, முதல் இடத்தில் ஆணுறைப் பயன்பாடு 39 சதவீதமும் இரண்டாவதில் 11 சதவீதமும் கூடியிருந்தன. ஒவ்வோர் உறவிலும் தவறாமல் அணிவோரின் பங்கு முதல் இடத்தில் 25 சதவீதம் ஏற, இரண்டாவதில் 16 சதவீதம் இறங்கியிருந்தது. இடத்துக்கு 100 பெண்கள் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் இரண்டு இடங்களிலும் ஆணுறையும் தகவலும் மருத்துவரும் இருந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவதில் கூடுதலாக இருந்தது பெண்களின் சொந்த அமைப்பும் அது தந்த பலமும்தான். பல நாடுகளில் நடந்த இத்தகைய முயற்சிகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த தொகுப்பாய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை உற்றுநோக்கல் ஆய்வுகள், கடுமையான சோதனை முறையில் அமைந்தவை அல்ல. அந்த அளவுக்கு நம் முடிவிலும் தயக்கம் இருக்கத்தான் வேண்டும்.

சென்னையால் சோனாகாச்சியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. இங்கே தொழில் லாட்ஜ்களிலும் வாடகை வீடுகளிலும் கடற்கரையிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் சிதறிக் கிடந்தது. பகலில் வீட்டு வேலையோ கட்டட வேலையோ பார்த்துவிட்டு மாலையில் சில மணி நேரம் மட்டும் வருபவர்கள் பலர். குடும்பத்துக்கோ அண்டை வீட்டுக்கோ தெரியாமல் செய்பவர்கள் அதைவிட அதிகம். தொற்று அபாயத்தில் இருந்த இன்னொரு பிரிவினரான, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிலும் பலர் மணமானவர்கள். இப்படிப்பட்ட நகரத்தில் வெளியாள் ஒருவர் போய் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்துவிட்டால் அதுவே அவர்களுக்கு ஆபத்து. எந்தப் பெண் எந்த நேரத்தில் எங்கே வருவாள், யாரிடம் எதைப் பேசலாம், யார் முன்னிலையில் பேசக் கூடாது என்பது அவர்களில் ஒருவருக்குத்தான் தெரியும். ‘பியர்’ என்று களத்தில் அழைக்கப்படும் சக தொழிலாளி இங்கே இன்றியமையாதவரானது அதனால்தான். பின்னாளில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 60 பாலியல் தொழிலாளர்களுக்கு ஒரு பியர், ஊசிவழி போதை எடுப்போரில் 40 பேருக்கு ஒருவர் என்று விதித்தது. அந்த விகிதம் காகிதத்தில் பிறந்ததல்ல. ஒருவர் முகம் பார்த்துப் பழகி, நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடிய எல்லை ஏறத்தாழ அவ்வளவுதான் என்பது தெருவில் தெரியவந்த உண்மை.

தமிழ்நாட்டில் இதற்கான அமைப்பு வலை விரைவாகவே உருவானது. சுனிதி சாலமன் அரசுப் பணியை விட்டு 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. சங்கமாகப் பதிவு செய்யப்பட்டதால் அரசுத் துறையின் நடைமுறைத் தாமதங்கள் இல்லாமல் தொண்டு நிறுவனங்களுக்கு நேரடியாக நிதி தர முடிந்தது. பிற மாநிலங்கள் பின்பற்றிய முன்மாதிரி அது. 1995இல் அமெரிக்க உதவியோடு வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் நிறுவனம் ‘ஏபேக்’ திட்டத்தைத் தொடங்கி, லாரி ஓட்டுநர்கள், பாலியல் தொழிலாளர்கள் ஆகியோரிடையே வேலை செய்த பல சிறு அமைப்புகளை ஆதரித்தது. நடத்தைக் கணக்கெடுப்புகளை ஆண்டுதோறும் எடுத்ததால் எது பலிக்கிறது என்பதையும் பார்க்க முடிந்தது. சகோதரன் போன்ற அமைப்புகள் பாலினச் சிறுபான்மையினரிடையே இயங்கின. தொற்றோடு வாழும் பெண்கள் தாங்களே 1998இல் சென்னையில் தங்கள் கூட்டமைப்பைத் தொடங்கினர். 2003இல் கேட்ஸ் அறக்கட்டளையின் ‘ஆவஹன்’ ஆறு மாநிலங்களில் பெரும் நிதியோடு இறங்கியபோது தமிழ்நாடும் அதில் சேர்ந்தது.

விளைவு என்ன? தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களில் பேறுகாலப் பரிசோதனைக்கு வந்த 15 முதல் 24 வயதுப் பெண்களிடையே எச்.ஐ.வி. விகிதம் 2000இல் 1.7 சதவீதமாக இருந்து 2004இல் 1.1 சதவீதமாக இறங்கியதாக 2006இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இளம் வயதினரின் விகிதம் புதிய தொற்றுகளைக் காட்டும் என்பதால் இது முக்கியமானது. தொற்று இருந்த இந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் பாலியல் தொழிலாளர்கள் அல்லர். கணவரிடமிருந்து தொற்றுப் பெற்றவர்கள். தெருவில் நிற்கும் பெண் பாதுகாக்கப்பட்டபோது வீட்டில் இருக்கும் பெண்ணும் பாதுகாக்கப்பட்டாள். விளிம்பில் இருக்கும் சிலருக்காக ஏன் இவ்வளவு செலவு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை. ஆவஹன் திட்டம் 2003 முதல் 2008 வரை ஏறத்தாழ 1 லட்சம் தொற்றுகளைத் தடுத்திருக்கலாம் என்று 2011இல் இன்னோர் ஆய்வு கணித்தது. அதுவும் மாதிரிக் கணக்குதான். விளைவு மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. அரசின் திட்டங்களும் வேறு கொடையாளர்களின் திட்டங்களும் ஒரே நேரத்தில் நடந்ததால் எந்தப் பங்கு யாருடையது என்று அறுதியிட்டுப் பிரிக்க இயலாது. இத்தனை குறைகளையும் கழித்த பின்னும், இந்தியாவில் கோடிக்கணக்கானோர் பாதிக்கப்படுவார்கள் என்று எச்சரிக்கப்பட்ட பேரழிவு வரவில்லை என்பதும், 2021 மதிப்பீட்டின்படி வயதுவந்தோரிடையே விகிதம் 0.21 சதவீதத்தில் நின்றது என்பதும் எஞ்சுகின்றன.

விழிப்புணர்வு விளம்பரங்களால்தான் இது நடந்தது என்று நம்புவோர் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் சென்னைச் சுவர்களிலும் தொலைக்காட்சியிலும் வந்த ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வியை அக்காலத்தில் வளர்ந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வாயில் வராத பேச்சை அது வீட்டுக்குள் பேசவைத்தது. வாடிக்கையாளரான ஆணின் மீது கேள்வியைத் திருப்பியது. அந்த வகையில் அது மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் விளம்பரம் அறிவைத்தான் தர முடியும். மேலே சொன்ன வட வங்க ஒப்பீட்டில் அறிவு இரண்டு இடங்களிலும் இருந்தது. லாட்ஜ் அறையில் ஒருவன் மறுக்கும்போது என்ன செய்வது, மறுநாள் காலை எந்த மருத்துவரிடம் வெட்கமில்லாமல் போகலாம், போலீஸ் பிடித்தால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு விளம்பரத்தில் பதில் இல்லை.

கடுமையான எதிர்ப்பு அறத்தின் பக்கமிருந்து வருகிறது. ஆணுறையும் சுத்தமான ஊசியும் கொடுப்பது தீமையை ஒப்புக்கொள்வதாகாதா? அந்தப் பெண்களை மீட்டு வேறு வேலை கொடுப்பதல்லவா தொண்டு? இந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை. கட்டாயத்தின்பேரில் கொண்டுவரப்பட்டவர்களும் சிறுமிகளும் மீட்கப்பட்டே ஆக வேண்டும்; சோனாகாச்சியில் சிறுமிகளை அடையாளம் கண்டு வெளியேற்றும் சுய ஒழுங்குமுறைக் குழுக்களைப் பெண்களே அமைத்தது அதனால்தான். ஆனால் வயதுவந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து அடைப்பதை மீட்பு என்று சொல்ல முடியாது என்பதை 1986-90 கால விஜிலென்ஸ் ஹோமே காட்டிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று பிறப்பித்த உத்தரவு இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது: காப்பு இல்லங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களின் வழக்குகளை ஆராய்ந்து குறித்த காலத்தில் விடுவிக்க வேண்டும், ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் கொள்ளக் கூடாது. சென்னை வழக்கு முடிந்து 32 ஆண்டுகளுக்குப் பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. மாற்று வேலை வேண்டும் என்பவருக்கு அது கிடைக்கட்டும். அது கிடைக்கும்வரை, அல்லது அவர் அதை விரும்பாதவரை, உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கும் உரிமையைத் தள்ளிவைக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? லக்னோவில் 2001இல் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே தடுப்புப் பணி செய்த களப்பணியாளர்கள் கைது செய்யப்பட்டு 47 நாள் சிறையில் இருந்தனர். ஒழுக்கத்தைக் காப்பதாகச் சொல்லிச் செய்யப்பட்ட அந்தக் கைதால் யாருடைய ஒழுக்கமும் உயரவில்லை. உயிர்காக்கும் பணிதான் நின்றது.

மருந்து வந்துவிட்டதே, இன்னும் தெருத்தெருவாகப் போக வேண்டுமா என்பது அண்மைக்கால வாதம். இதில் வலு இருக்கிறது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டுமருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது. தொற்றுள்ளவர் தொடக்கத்திலேயே கூட்டுமருந்து எடுத்தால் இணையருக்குத் தொற்றும் வாய்ப்பு 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் சென்னையும் ஒரு களம். ஆனால் மருந்து, பரிசோதனை செய்துகொண்டவருக்குத்தான் போய்ச் சேரும். இந்தியாவின் 22 நகரங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றில் மட்டும், ஊசிவழி போதை எடுப்போருக்கும் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் தரும் மையங்களைத் திறந்து நடத்திய பெரும் சோதனையின் முடிவு 2019இல் வெளிவந்தது. மையத்துக்கு வந்தவர்கள் அதிகமாகப் பரிசோதனை செய்துகொண்டார்கள். ஆனால் அந்தச் சமூகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், மையம் இருந்த நகரத்துக்கும் இல்லாத நகரத்துக்கும் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வரவேண்டியவர்களில் பலர் வரவே இல்லை. நல்ல கட்டடம், நல்ல மருத்துவர், இலவச மருந்து மூன்றும் இருந்தும் வாசலைத் தாண்டி வராத ஒருவரை அழைத்துவருவது எப்படி என்பதுதான் எஞ்சிய கேள்வி. 2021 கண்காணிப்பில் ஊசிவழி போதை எடுப்போரிடையே விகிதம் 9 சதவீதம், திருநங்கையரிடையே 3.8 சதவீதம், பாலியல் தொழிலாளர்களிடையே 1.9 சதவீதம். காவல்துறையின் பிடிக்கு மிக அஞ்சி வாழ்பவர்களிடம் விகிதமும் மிக உயரத்தில் இருக்கிறது. ஊசியைப் பகிர்வதால் தொற்று எளிதில் பரவும் என்பது ஒரு காரணம். ஆனால் புதிய ஊசியைக் கையில் வைத்திருக்கப் பயப்படுவதால்தான் பலர் பகிர்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தொண்டு அமைப்புகளிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறையின் வேர் பெரும்பாலும் அவற்றை அளக்கும் முறையில் இருக்கிறது. ஒரு மாதத்தில் எத்தனை பேரைச் சந்தித்தீர்கள், எத்தனை ஆணுறை கொடுத்தீர்கள், எத்தனை பேரை எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினீர்கள் என்று படிவம் கேட்கிறது. இலக்கை எட்டாவிட்டால் அடுத்த தவணை தாமதமாகும். எனவே எளிதில் சந்திக்கக்கூடியவரையே மறுபடி மறுபடி சந்திப்பதும், பதிவேட்டை நிரப்புவதும் நடக்கின்றன. காவல் நிலையத்தில் ஒரு பியர் இரவெல்லாம் காத்திருந்து ஒரு பெண்ணை வெளியே கொண்டுவந்ததற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. நிதி குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். ஆவஹன் காலத்தில், வன்முறை நடந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆள் போய்ச் சேர வேண்டும் என்று நெருக்கடிக் குழுக்கள் இயங்கின. வன்முறை குறைந்ததும் பதிவானது. அதைப் பக்கவாட்டு வேலையாகக் கருதாமல் தடுப்புப் பணியின் நடுவே வைத்ததே அந்தத் திட்டத்தின் நல்ல பகுதி.

கொடையாளர்களின் நிபந்தனைகளும் பணியை வளைக்கின்றன. பாலியல் தொழிலை எதிர்ப்பதாக உறுதிமொழி தந்தால்தான் பணம் என்று அமெரிக்கா விதித்தபோது, சாங்கிலியின் சங்க்ராம் அமைப்பு 2005இல் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எல்லா அமைப்புகளாலும் அப்படிச் செய்ய முடியாது. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நிதிச் சட்டம், ஓர் அமைப்பு தான் பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதைத் தடுத்துவிட்டதால், ஏபேக் போல ஒரு பெரிய நிறுவனம் பணத்தை வாங்கிப் பல சிறு அமைப்புகளைத் தாங்கிய முறை இனி வெளிநாட்டு நிதியில் இயலாது. 2025இல் அமெரிக்க உதவி நிறுவனமே மூடப்பட்டது. ஆகவே இந்தப் பணி இனி பெரிதும் அரசின் பணத்திலும் உள்ளூர்க் கொடையிலும்தான் நிற்க வேண்டும். அரசு பணம் தரும்போது, அதே அரசின் காவல்துறையை எதிர்த்துக் கேள்வி கேட்க வேண்டிய அமைப்பு தயங்கும் என்பது உண்மையான சிக்கல். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் அறக்கட்டளைகளும் தொழில் நிறுவனங்களும் உள்ளூரில் தரும் கொடை, அளவில் சிறியதாக இருந்தாலும், இந்த இடைவெளியை நிரப்பத் தேவைப்படுகிறது.

களமும் மாறிக்கொண்டிருக்கிறது. பேருந்து நிலையத்திலும் பூங்காவிலும் நடந்த சந்திப்புகள் கைப்பேசிக்குள் போய்விட்டன. இடத்தைக் குறித்துவைத்து வரைபடம் போட்ட பழைய முறை, எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும் ஒருவரைப் பிடிக்க உதவாது. செயலிகளில் தானாகப் போகும் செய்தி இதற்கு மாற்றாகும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து எச்.ஐ.வி. பற்றி வரும் செய்தி, மிரட்டிப் பணம் பறிப்போரின் காலத்தில், அச்சத்தைத்தான் கூட்டும். தெரிந்த ஒருவர் சொன்ன எண் என்றால்தான் பதில் வரும்; அதற்கும் பியர்தான் தேவை. அந்தப் பியருக்கு முப்பது ஆண்டுகளாக நாம் சம்பளம் தரவில்லை, மதிப்பூதியம் தருகிறோம். போலீஸ் பிடித்தால் காட்டத்தக்க அரசு அடையாள அட்டை, பணியில் காயம்பட்டால் மருத்துவச் செலவு, ஓய்வுக்காலத்துக்கு ஒரு சேமிப்பு ஆகிய மூன்றையும் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தன் அடுத்த ஒப்பந்தங்களில் எழுதிச் சேர்க்கலாம். அதோடு மாதாந்தரப் படிவத்தில், எத்தனை பேர் பிடிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் அடிபட்டார்கள், எவ்வளவு நேரத்தில் உதவி போய்ச் சேர்ந்தது என்று கேட்கும் மூன்று கட்டங்களையும் சேர்க்கலாம். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை.